சைக்ஸ்: ஓடைகள் பல, தகப்பன் ஒருவனா?

1990களின் பிற்பகுதி. ஆக்ஸ்போர்டில் மரபணுவியல் பேராசிரியராக இருந்த பிரையன் சைக்ஸ், கிளாக்ஸோ மருந்து நிறுவனத்துக்குப் பேசப் போனார். அப்போது அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சர் ரிச்சர்ட் சைக்ஸ். இரண்டு சைக்ஸ்கள் ஒரே இடத்தில் நின்றால் அடுத்து வரும் கேள்வி தெரிந்ததுதானே: நீங்கள் இருவரும் சொந்தமா? இருவருக்கும் தெரியவில்லை. பிரையன் லண்டனில் பிறந்தவர். ரிச்சர்ட் வடக்கே யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டுக்காரர். இருவருக்கும் பொதுவான தாத்தா, பாட்டி என்று யாரையும் காட்ட முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பிரையன் சைக்ஸின் தொழிலே டி.என்.ஏ. அவர் ரிச்சர்டின் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து மாதிரி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் திரும்பினார். தன்னுடையதையும் அதையும் ஒப்பிட்டார். ஆண் வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமில் இருவருக்கும் ஒரே குறியீடு இருந்தது.

ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் வரலாற்றில் திருப்பத்தை உண்டாக்கிய ஓர் ஆய்வு இப்படித்தான் தொடங்கியது. ஆனால் அந்த முடிவு ஏன் ஆச்சரியமாக இருந்தது என்பது புரிய வேண்டுமானால், முதலில் பெயரின் கதையைப் பார்க்க வேண்டும். அகராதிகள் சொல்லி வந்ததற்கு நேர் எதிராக அந்தச் சோதனை நின்றது.

ஓடைக்கரைக்காரன்

1066இல் நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் சாதாரண ஆளுக்கு ஒரு பெயர்தான். பெயர்கள் விதவிதமாக இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. நார்மன்கள் வந்த பிறகு நிலைமை மாறிப்போனது. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஜான், தாமஸ் என்று நாலைந்து பெயர்களையே எல்லோரும் பிள்ளைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் வரி வசூலிக்கிறவன் என்ன செய்வான்? கொல்லன் ஜான், ராபர்ட் மகன் ஜான், குட்டை ஜான், பாலத்தடி ஜான் என்று ஒட்டு சேர்த்து எழுதினான். இன்றைய ஸ்மித், ராபர்ட்சன், ஷார்ட், பிரிட்ஜ் எல்லாம் அந்த ஒட்டுகள்தாம்.

ஒட்டு ஒருவனோடு முடிந்துபோனால் அது பட்டப்பெயர். மகனுக்கும் பேரனுக்கும் இறங்கினால்தான் குடும்பப் பெயர். கொல்லன் மகன் தையல்காரனாகிவிட்டாலும் ஸ்மித் என்றே எழுதப்படுகிற நாள் வர வேண்டும். சுமார் 1200க்கும் 1400க்கும் இடையில் இது நடந்தது. தெற்கில் முந்தி, வடக்கில் பிந்தி. நிலம் வைத்திருந்தவர்களுக்கு முந்தி, இல்லாதவர்களுக்குப் பிந்தி. நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிவைக்கிறவனுக்குப் பெயரும் சேர்ந்து இறங்குவது வசதி.

சைக்ஸ் இடத்தைக் குறித்து வந்த பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘சீச்’, பழைய நார்ஸ் மொழியில் ‘சீக்’. சதுப்பான மேட்டு நிலத்தில் ஊறி, ஒரு தாண்டில் தாண்டிவிடக் கூடிய அகலத்தில் ஓடி, வறண்ட கோடையில் நின்றுபோகும் சிற்றோடை என்று பொருள். நாம் ஓடை என்று சொல்வதைவிடவும் சிறியது. வாய்க்கால் என்று சொல்லலாம், ஆனால் யாரும் வெட்டியதல்ல. ஆங்கிலோ-சாக்சன் காலத்து நிலப் பட்டயங்களில் இந்தச் சொல் எல்லைக் குறியாக வருகிறது: இன்ன மரத்திலிருந்து இந்தச் சீச் வரை, அங்கிருந்து இன்ன பாறை வரை. சின்ன ஓடையானாலும் இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் ஓடினால் அதற்கு மதிப்பு உண்டு.

சொல்லின் ஒலியிலேயே ஊர் இருக்கிறது. தெற்கிலும் நடு இங்கிலாந்திலும் இந்தச் சொல் ‘சிச்’ என்று சகரத்தில் முடிந்தது. அதிலிருந்து சிட்ச் என்ற குடும்பப் பெயர் வந்தது. வைக்கிங்குகள் குடியேறிய வடக்கில் நார்ஸ் மொழியின் செல்வாக்கால் ககரம் நிலைத்து ‘சைக்’ ஆனது. தேவாலயத்தைத் தெற்கத்தியான் சர்ச் என்பதும் வடக்கத்தியான் கிர்க் என்பதும் இதே வழக்குத்தான். நமக்கு இது புதிதல்ல. நாம் செவி என்பதைக் கன்னடத்துக்காரர் கிவி என்கிறார். ஆக, ஒருவர் சைக்ஸ் என்று சொன்னாலே முன்னோர் வடக்கத்தியராக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஊகித்துவிடலாம்.

அந்தக் காலத்து எழுத்தர்கள் ‘இன்னார் டெல் சைக்’ என்று எழுதினார்கள். டெல் என்றால் ‘அந்த இடத்து’. ஓடைக்கரை வில்லியம் என்பது போல. பிறகு டெல் உதிர்ந்தது. கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மை; ஓடைகள் என்று பொருள்படும். எழுத்துக்கூட்டல் எழுதியவன் இஷ்டம்தான். ஒரே குடும்பத்தை ஒரு பக்கத்தில் ஒரு விதமாகவும் அடுத்த பக்கத்தில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். அதை வைத்து ‘நாங்கள் வேறு கிளை’ என்று வாதாடும் குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் இன்றும் உண்டு. அந்த வாதத்துக்குப் பெரும்பாலும் மதிப்பில்லை.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. இங்கிலாந்தின் வடக்கு முழுக்க சைக்குகள்தாம். பென்னைன் மலைத்தொடரின் மேட்டு நிலத்துக்குப் பெரிய அளவில் எடுத்த வரைபடம் எதையாவது விரித்துப் பாருங்கள். நீலத்தில் நூல் போன்ற கோடுகள் ஓடும், பக்கத்தில் சைக், சைக் என்று எழுதியிருக்கும். இத்தனை ஓடைகள் இருந்தால் ஓடைக்கரை வில்லியம்களும் அத்தனை பேர் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தப் பெயரை வாங்கியிருக்க வேண்டும். ஹில், புரூக், கிரீன் போன்ற பெயர்களுக்கு இதுதான் விளக்கம். பெயரகராதிகள் சைக்ஸுக்கும் இதையே சொல்லிவிட்டுக் கடந்தன: பல இடங்களில், பல குடும்பங்களில் தோன்றிய பெயர், பெயர் ஒன்றாக இருப்பதால் இரத்த உறவு இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளத்தாக்கு

ஒரே ஒரு ஆள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மிகை. ஆனால் ஒத்துக்கொள்ளாதவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ். யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங் பகுதிக் குடும்பப் பெயர்களைப் பற்றி 1973இல் ஒரு நூல் எழுதியவர். அவருடைய முறை எளிமையானது, அலுப்பானதும்கூட. பெயருக்கு அர்த்தம் தேடாதே; அந்தப் பெயரைச் சுமந்த ஆட்கள் எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த ஏட்டில் இருக்கிறார்கள் என்று தேடு. அர்த்தம் நூறு இடத்துக்குப் பொருந்தும்; ஆட்கள் நூறு இடத்தில் இருக்க மாட்டார்கள்.

அதற்கான ஏடுகள் இங்கிலாந்தில் கொட்டிக் கிடக்கின்றன. பண்ணை நீதிமன்றச் சுருள்கள் இருக்கின்றன. யார் வேலி உடைந்தது, யார் மாடு மேய்ந்தது, யார் அபராதம் கட்டினார் என்று தோல் சுருளில் எழுதிவைத்தவை. வேக்ஃபீல்டு பண்ணைக்கு இவை 1274இலிருந்தே கிடைக்கின்றன. 1379இல் தலைவரிப் பட்டியல் வருகிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து வசூலித்த வரி. சாமானியக் கணவன்-மனைவிக்குச் சேர்த்து நாலு பென்ஸ். மேற்கு ரைடிங்குக்கு இந்தப் பட்டியல் நல்ல நிலையில் தப்பியிருக்கிறது. குடும்பப் பெயர் அப்போது எவ்வளவு அரைவேக்காட்டில் இருந்தது என்பதை அதில் பார்க்கலாம். இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் வேலைக்காரன் என்ற விவரமே பலருக்குப் பெயராக நிற்கிறது. அப்புறம் 1538. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைசியாக 1837இல் அரசுப் பதிவு.

இந்த ஏடுகளைப் புரட்டினால் சைக்ஸ்கள் வடக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றித் திரள்கிறார்கள். கிழக்கே ஃப்ளாக்டன், மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில் ஸ்லைத்வைட், மலையைத் தாண்டினால் சாடில்வொர்த். ஸ்லைத்வைட் என்று எழுதுவதோடு சரி. ஊர்க்காரர்கள் ‘ஸ்லாவிட்’ என்பார்கள், கும்பகோணத்தை நாம் கும்மோணம் ஆக்கியது போல.

அந்தப் பள்ளத்தாக்கு எப்படிப்பட்டது என்பதும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. கரடு முரடான மணற்பாறை, மேலே கரிச்சதுப்பு, புளித்த மண், ஓயாத மழை. கோதுமை சரியாக விளையாது. விவசாயத்தை மட்டும் நம்பியிருந்தால் மூத்த மகனுக்கு நிலம், இளையவர்களுக்கு ஊரைவிட்டு ஓட்டம் என்று ஆகியிருக்கும். ஆனால் ஆடு இருந்தது, கம்பளி இருந்தது, நூலை அலச மென்னீர் இருந்தது. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, வீட்டு மாடியில் ஒரு தறி என்று குடும்பங்கள் அங்கேயே பிழைத்தன. இன்றும் அந்தக் கல் வீடுகளின் மாடியில் ஒட்டி ஒட்டி ஐந்தாறு ஜன்னல்கள் வரிசையாக இருப்பதைக் காணலாம். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று வைத்தவை. 1766இல் ஹடர்ஸ்ஃபீல்டில் துணி மண்டபம் கட்டினார்கள். மலையிலிருந்து நெசவாளிகள் துணியைச் சுமந்துகொண்டு வந்து விற்றார்கள். பிறகு நீராவி ஆலைகள் வந்தபோதும் அதே பள்ளத்தாக்கில் வேலை கிடைத்தது. இளைய மகன்கள் ஊரைவிட்டுப் போக வேண்டிய தேவை குறைந்தது. ஒரு பெயர் அதே இடத்தில் பெருகிக்கொண்டே போக இதைவிடத் தோதான சூழல் அமையாது. சைக்ஸோடு ஹே, டைசன், ஆர்மிட்டேஜ், ஹர்ஸ்ட் என்று அந்தப் பகுதிக்கே உரிய இன்னும் சில பெயர்களும் இப்படித்தான் பெருகின.

நாலு எண்கள்

ஏடுகளால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. 1300ஐச் சுற்றி ஃப்ளாக்டனில் ஒரு சைக், ஸ்லைத்வைட்டில் ஒரு சைக் இருந்தால், அவர்கள் பங்காளிகளா, அந்நியர்களா என்று எந்தச் சுருளும் சொல்வதில்லை. பிரையன் சைக்ஸ் உள்ளே வந்தது இந்த இடத்தில்.

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஆங்கிலக் குடும்பப் பெயரும் அப்படியே. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் இரண்டு ரயில்கள். ஒய்யில் சில இடங்களில் ஒரு சிறு டி.என்.ஏ. எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் தகப்பனுக்கும் மகனுக்கும் மிக அபூர்வமாகத்தான் மாறும். அப்படிப்பட்ட நாலு இடங்களை எண்ணினால் ஒவ்வொரு ஆணுக்கும் நாலு எண்கள் கிடைக்கும். ஒரு தொலைபேசிக் குறியீடு மாதிரி.

யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதி, லங்காஷயர், செஷயர் மூன்றிலும் சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மாதிரி தரும்படி கேட்டார்கள். தந்தவர்களில் 48 பேரின் எண்கள் ஆய்வுக்கு வந்தன. பல இடங்களில் தோன்றிய பெயர் என்றால் 48 பேரிடமும் கலவையாக, அக்கம்பக்கத்து மற்ற ஆண்களைப் போலவே எண்கள் இருக்க வேண்டும். வந்தது வேறு. 21 பேருக்கு நாலு எண்களும் அச்சு அசலாக ஒன்றே. ஏறக்குறைய பாதி. அதைவிட முக்கியமானது, அதே பகுதியில் வேறு பெயருள்ள ஆண்களைச் சோதித்தபோது அந்தக் குறியீடு ஒருவரிடமும் இல்லை. பிரிட்டனின் பிற பகுதி மாதிரிகளிலும் இல்லை. மிச்சமிருந்த சைக்ஸ்களின் எண்கள் ஊரில் உள்ள மற்றவர்களுடையதைப் போலவே பரவிக் கிடந்தன.

பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வனும் 2000ஆம் ஆண்டு அமெரிக்க மனித மரபியல் இதழில் இதை வெளியிட்டார்கள். இன்றைய சைக்ஸ்கள் ஒரே ஒரு மூலவரிடமிருந்து வந்தவர்கள் என்றும், மீதிப் பேர் நடுவில் எப்போதோ வேறு தகப்பன் வழியாக அந்தப் பெயருக்குள் வந்தவர்களின் வாரிசுகள் என்றும் முடிவு சொன்னார்கள். 700 ஆண்டுகளில் இது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதம் நடந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பத்திரிகைகள் இந்த 1.3ஐப் பிடித்துக்கொண்டன. ஆங்கில மனைவிமார் பத்தினிகள் என்று ஒரு பக்கம் பாராட்டு, மறு பக்கம் கிசுகிசு. இரண்டுமே எனக்கு அசட்டுத்தனமாகத்தான் தெரிகின்றன. பெயரும் ஒய்யும் பிரிவதற்குக் கள்ள உறவு ஒரு காரணம் மட்டுமே. திருமணமாகாத தாய்க்குப் பிறந்த ஆண் குழந்தை தாயின் குடும்பப் பெயரைத் தாங்கும். விதவை மறுமணம் செய்தால் பிள்ளைகள் மாற்றுத் தகப்பன் பெயரில் பதிவாவது உண்டு. அநாதைக் குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். ஆண் வாரிசில்லாத பணக்கார மாமனார், என் பெயரை எடுத்துக்கொண்டால்தான் சொத்து என்று உயில் எழுதி மருமகன் பெயரையே மாற்றியதும் ஏராளம். தேவாலயப் பதிவேட்டில் ‘தகப்பன் பெயர் தெரியாது’ என்று பகிரங்கமாகவே எழுதியிருக்கும் வரிகளை விட்டுவிட்டு ரகசியத்தைத் தேடுவானேன்?

எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 700 ஆண்டுகளை 30 ஆண்டுத் தலைமுறைகளாகப் பிரித்தால் சுமார் 23 தலைமுறை. ஒவ்வொன்றிலும் 1.3 சதவீதம் கழன்றுகொண்டால், வட்டிக்கு வட்டி போட்டுப் பார்க்கையில், இறுதியில் நூற்றுக்கு 74 பேர் மூலவரின் ஒய்யோடு மிஞ்ச வேண்டும். அச்சு அசலாகப் பொருந்தியவர்களோ நூற்றுக்குச் சுமார் 44 பேர்தாம். நடுவில் தானாக ஓர் எண் மாறிப்போனவர்களும் இருப்பார்கள் என்பதால் இடைவெளி கொஞ்சம் குறையும். தலைமுறையை எத்தனை ஆண்டு என்று வைக்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை நகரும். அதற்கு மேல் ஓர் அடிப்படைச் சிக்கல்: மூலவர் ஒருவரே என்று முதலில் வைத்துக்கொண்டால்தான் மீதிப் பேரெல்லாம் ‘வழிமாறி வந்தவர்கள்’. மூன்று நான்கு மூலவர்கள் இருந்து, ஒருவரின் வம்சம் மட்டும் அமோகமாகப் பெருகியிருந்தாலும் இதே 21 வந்திருக்கும். நாலே நாலு எண்கள் என்பதும் பருமனான சல்லடை. அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே இத்தகைய ஆய்வுகள் 17 எண்களுக்குப் போய்விட்டன.

ஆக, இந்த ஆய்வு நிரூபித்தது இவ்வளவு: இன்றிருக்கும் சைக்ஸ்களில் பெரும் பங்கினர் ஒரே ஆளின் வழி வந்தவர்கள். அன்று ஒரே ஒரு ஆள்தான் அந்தப் பெயரை வைத்திருந்தான் என்பதை அது நிரூபிக்கவில்லை.

அழிந்தவர்கள்

அப்படியானால் மற்ற ஓடைக்கரைக்காரர்கள் என்ன ஆனார்கள்? 1348இல் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. ஓரிரு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மக்கள் செத்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் பல குடும்பங்கள் ஒட்டுப்பெயரை நிரந்தரமாக்கத் தொடங்கியிருந்தன. ஒரு பெயரைத் தாங்க ஒன்றிரண்டு வீடுகள் மட்டுமே இருந்த காலத்தில் அப்படி ஓர் அடி விழுந்தால் பெயரே மறைந்துபோகும். தப்பிய வீட்டுக்கு நிலம் தாராளமாகக் கிடைக்கும்; அது பெருகும்.

கொள்ளைநோய் வராவிட்டாலும் பெயர்கள் அழியும். ஒருவனுக்கு மகன்களே பிறக்கவில்லை, அல்லது பிறந்தும் தங்கவில்லை என்றால் அவன் கிளை அங்கேயே முடிந்தது. பிரபலக் குடும்பங்கள் ஏன் அற்றுப்போகின்றன என்ற கேள்வியை 1873இல் பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு கல்வி இதழில் கணக்காகப் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். எல்லாக் குடும்பப் பெயரும் ஒரு நாள் அழிந்தே தீரும் என்று அதில் முடிவு வந்தது. அது பிழை, சமன்பாட்டின் இன்னொரு விடையைப் பாதிரியார் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஆனால் வழிமுறை சரியானது. அதே கணிதத்தை எழுபது ஆண்டுகள் கழித்து அணுப்பிளவுத் தொடர்வினைக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு நியூட்ரான் எத்தனை நியூட்ரான்களைப் பெறும் என்பதும் ஒரு சைக்ஸ் எத்தனை மகன்களைப் பெறுவான் என்பதும் கணிதத்துக்கு ஒன்றுதான்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் 40 பெயர்களை எடுத்து, 1,678 ஆண்களைச் சோதித்து இதை விரிவாகப் பார்த்தார்கள். ஆட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் 87 சதவீதம் பேர் ஒரே வகை ஒய்யைத் தாங்கியிருந்தார்கள். ஸ்மித்களோ ஊரோடு ஒத்த கலவை. கொல்லன் இல்லாத ஊர் ஏது? பெயர் அரியதாக இருக்க இருக்க உறவு நெருக்கம். இதில் சைக்ஸ் எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் தனித்தன்மை. அரிய பெயரே அல்ல. வடக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு சைக்ஸ். ஆனாலும் அரிய பெயருக்குரிய குணத்தைக் காட்டுகிறது. கோல்ன் பள்ளத்தாக்கும் தறியும் இல்லாமல் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

இதே குழு 2007இல் கண்டுபிடித்த இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். யார்க்‌ஷயரில் ஓர் அரிய பெயருள்ள 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஒரு மிகப் பழைய ஒய் வகை இருந்தது. பார்ப்பதற்கு எல்லோரும் சராசரி ஆங்கிலேயர்கள். ஆப்பிரிக்க மூதாதை பற்றி யாருக்கும் தெரியாது. வம்சாவளி 1780கள் வரை போய் நின்றுவிட்டது, அதற்கு முன்னால் எப்போது அந்த ஆள் வந்தான் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

அரச வம்சமும் தப்பவில்லை. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. தாய்வழி டி.என்.ஏ. உறவினர்களோடு பொருந்தியது. தந்தைவழியில் போஃபர்ட் பிரபுக் குடும்பத்தின் இன்றைய ஆண்கள் ஐந்து பேரோடு பொருந்தவில்லை. காகிதத்தில் தகப்பன் மகன் என்று இருந்த எங்கோ ஓர் இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது. அது மட்டுமா, அந்த ஐந்து ஆண்களிலேயே ஒருவர் மற்ற நால்வரோடு பொருந்தவில்லை.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 23 தலைமுறை பின்னால் போனால் கணக்குப்படி ஒருவருக்கு 83 லட்சத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் வேண்டும். 1300இல் இங்கிலாந்தின் மொத்த மக்கள்தொகையே 50 லட்சத்தைச் சுற்றித்தான். ஒரே ஆள் பல வழிகளில் மூதாதையாக வருகிறார் என்று அர்த்தம். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தனை பேரில் ஒரே ஒருவரின் வழியைத்தான் குடும்பப் பெயரும் ஒய்யும் பிடித்துக்கொண்டு போகின்றன.

அந்தஸ்துள்ள சைக்ஸ்கள்

பெயர் தெரிந்தவுடன் பலருக்கும் நினைவுக்கு வருபவர் மார்க் சைக்ஸ். 1916இல் பிரெஞ்சுக்காரர் பிக்கோவோடு உட்கார்ந்து ஒட்டோமான் பேரரசின் அரபு நிலங்களைக் கோடு போட்டுப் பங்கிட்டவர். இவர் கிழக்கு யார்க்‌ஷயரில் ஸ்லெட்மியர் மாளிகைக் குடும்பத்தவர். அவர்கள் லீட்ஸில் துணி வியாபாரத்தில் சம்பாதித்து மேலே வந்தவர்கள். வம்சாவளி ஏடுகள் அவர்களை ஸ்காட்லாந்து எல்லையோரம் கார்லைலுக்குப் பக்கத்தில் சைக்ஸ் டைக் என்ற இடத்திலிருந்து வரவழைக்கின்றன. அது உண்மையென்றால் ஹடர்ஸ்ஃபீல்டுக்காரர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வேறு ஓடை, வேறு ஆள். பணம் வந்த பிறகு எழுதப்படும் பூர்வீகக் கதைகளை எந்த நாட்டிலும் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் இது அடக்கமான கதை. அரசன் வழி வந்தோம் என்று சொல்லவில்லை.

மார்க் சைக்ஸ் 1919இல் பாரிஸில் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற அந்தக் காலத்துக் கொள்ளைக் காய்ச்சலில் இறந்தார். ஈயப் பெட்டியில் வைத்து ஸ்லெட்மியரில் புதைத்தார்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் வைரஸின் எச்சம் இருக்கலாம் என்று 2008இல் குடும்பத்தார் சம்மதத்தோடு கல்லறையைத் திறந்தார்கள். மண்ணின் பாரத்தில் பெட்டி பிளந்திருந்தது.

இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. யார்க்‌ஷயரில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்த வில்லியம் ஹென்றி சைக்ஸ் (1790–1872) தக்காணத்தில் பறவைகளைப் பட்டியலிட்டவர். பிற்பாடு கம்பெனியின் தலைவராகவும் இருந்தார். தக்காணத்துப் புல்வெளியில் மேலெழும்பிப் பாடும் ஒரு வானம்பாடிக்கு இன்றும் அவர் பெயர்தான். ஓடையோரம் நின்ற ஒருவனின் விலாசம், ஒரு பறவையின் பெயராகிவிட்டது.

ஜாக் மகன் பில்

கடைசியாக ஒன்று, இந்த வழக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. கோல்ன் பள்ளத்தாக்கிலும் சாடில்வொர்த்திலும் சில பெயர்கள் இப்படிப் பெருகப் பெருக, 1700களிலும் 1800களிலும் குடும்பப் பெயரால் பிரயோஜனம் இல்லாமல் போனது. ஒரே சரிவில் நாலு ஜான் சைக்ஸ், மூன்று ஜோ டைசன். எந்த ஜான் என்று கேட்டால் சைக்ஸ் என்பது பதிலாகாது. பத்து ஜான்களைப் பிரித்துக் காட்டத்தான் குடும்பப் பெயர் பிறந்தது. அதுவே இப்போது அந்த வேலையைச் செய்ய முடியாமல் நின்றது.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நம் இனிஷியலைக் கண்டுபிடித்தார்கள். ஜாக்கின் மகன் பில் என்றால் ‘பில் ஓ ஜாக்ஸ்’. அவன் மகன் டாம் என்றால் ‘டாம் ஓ பில்ஸ்’. தேவை என்றால் பாட்டன் பெயரும் பின்னால் சேரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தகப்பன் பெயர். தேவாலய ஏட்டில் ஒன்று, வாயில் ஒன்று. குடும்பப் பெயர் அரசாங்கத்துக்கு, தகப்பன் பெயர் தெருவுக்கு.

சாடில்வொர்த்தின் கிரீன்ஃபீல்டு மேட்டில் மூர்காக் என்று ஒரு சத்திரம் இருந்தது. நடத்தியவர் வில்லியம் பிராட்பரி. யாரும் அதை மூர்காக் என்று சொல்லவில்லை. கடைக்கே ‘பில்ஸ் ஓ ஜாக்ஸ்’ என்று பெயராகிவிட்டது. 1832 ஏப்ரலில் ஒரு இரவு, எண்பது தாண்டிய கிழவர் வில்லியத்தையும் அவர் மகன் தாமஸையும் அங்கே யாரோ அடித்துக் கொன்றுவிட்டுப் போனார்கள். கொலையாளி கடைசி வரை அகப்படவில்லை. இருவரையும் சாடில்வொர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறையின் மேல் முறைப்படி வில்லியம் பிராட்பரி, அவர் மகன் தாமஸ் என்று குடும்பப் பெயரோடு வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பாட்டு. கிரீன்ஃபீல்டு மலைகளைப் பற்றி இனிப் பேசுகிறவர்கள் யாரை நினைப்பார்கள் என்று சொல்லும் அதன் கடைசி வரியில் பிராட்பரி இல்லை. பில் ஓ ஜாக்ஸும் டாம் ஓ பில்ஸும் இருக்கிறார்கள்.